சோழவரத்திலிருந்து வலென்சியா வரை: பைக் ரேஸ் ஏணியில் காணாமல் போன படிகள்

போன மாசம் ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் அக்கா மகன் வீட்டுக்கு வந்திருந்தான். ஒன்பதாம் வகுப்பு. சாப்பிட்டுக் கை கழுவிவிட்டு வந்து உட்கார்ந்தவன், "மாமா, மோட்டோஜிபி ரைடர் ஆகணும்னா எந்த காலேஜ்ல சேரணும்?" என்று கேட்டான். சிரித்துவிட்டேன். சிரித்திருக்கக் கூடாது. பையன் முகம் சுருங்கிப்போனது. அடுப்படியிலிருந்து அக்கா குரல் கொடுத்தாள்: "அவன்கிட்ட அதெல்லாம் பேசாதடா. போன வாரம்தான் அவங்க அப்பா வண்டிய எடுத்துக்கிட்டு ரிங் ரோடு வரைக்கும் போயிட்டு வந்திருக்கான்."

கே.கே. நகரில் இருப்பவர்களுக்கு இந்தக் கதை புதிதில்லை. ராத்திரி பத்து மணிக்கு மேல் மாட்டுத்தாவணிப் பக்கமிருந்து சைலன்சரைக் கழற்றிவிட்ட வண்டிகளின் சத்தம் கேட்கும். "எவன் பெத்த பிள்ளையோ" என்று திட்டிவிட்டு ஜன்னலைச் சாத்துவோம். இந்த முறை அது நம்ம வீட்டுப் பிள்ளை.

நான் ரேஸ் ஓட்டியவன் இல்லை. படித்தது பி.இ., பிழைப்பு சாஃப்ட்வேர். பழைய விஷயங்களைத் தோண்டிப் பார்ப்பது மட்டும் பழக்கம். பையனுக்கு ஒழுங்காகப் பதில் சொல்ல வேண்டும் என்று தேட ஆரம்பித்ததில் சேர்ந்த குறிப்புகள்தான் இந்தக் கட்டுரை. தேடி முடித்தபோது எனக்குத் தெரிந்தது ஒன்றுதான். நம் ஊரில் இந்த விளையாட்டுக்கு எழுபது வருஷ வரலாறு இருக்கிறது. ஆனால் அதன் ஏணியை நாம் மேலிருந்து கீழாகக் கட்டியிருக்கிறோம்.

ஏணி என்றால் என்ன?

முதலில் உலகக் கணக்கைப் பார்த்துவிடலாம். ஸ்பெயினிலும் இத்தாலியிலும் பிள்ளைகள் நாலைந்து வயதிலேயே குட்டி பைக்கில் ஏறிவிடுகிறார்கள். ஓட்டுவது சாலையில் அல்ல, கார்ட் டிராக்கில். பத்து வயதுக்கு மேல் முறையான மினிஜிபி போட்டிகள். பிறகு ஐரோப்பிய டேலன்ட் கப், ஆசியாவில் இருந்தால் ஏஷியா டேலன்ட் கப். அடுத்து 2007ல் தொடங்கிய ரெட் புல் ரூக்கீஸ் கப், ஸ்பெயினை மையமாகக் கொண்ட ஜூனியர்ஜிபி. அதற்கப்புறம்தான் உலகச் சாம்பியன்ஷிப்பின் மூன்று தட்டுகள்: 250 சிசி ஒற்றை சிலிண்டர் மோட்டோ3, 765 சிசி மூன்று சிலிண்டர் மோட்டோ2, உச்சியில் 1000 சிசி மோட்டோஜிபி.

மார்க் மார்கெஸை எடுத்துக்கொள்ளுங்கள். பிறந்தது 1993, ஸ்பெயினின் செர்வேரா என்ற சின்ன ஊர். 2008ல், பதினைந்து வயதில், 125 சிசி உலகப் போட்டிக்கு வந்துவிட்டார். 2010ல் அதில் சாம்பியன், 2012ல் மோட்டோ2 சாம்பியன், 2013ல் மோட்டோஜிபி சாம்பியன். அப்போது வயது இருபது. இருபது வயதில் உச்சிக்குப் போனார் என்பதுதான் நம் கண்ணில் படுகிறது. அதற்குப் பின்னால் பதினைந்து வருஷத்துக்கும் மேலான பயிற்சி இருக்கிறது. நம்ம பையன்கள் பி.இ. மூன்றாம் வருஷம் அரியர் எழுதும் வயதில், அவருக்கு அந்த வேலையில் ரிட்டயர்மென்ட் பாதி சர்வீஸ்.

சோழவரம்: ஓடுதளத்தில் பிறந்த ரேஸ்

இனி நம் கதை. சென்னையிலிருந்து செங்குன்றம் தாண்டி வடக்கே போனால் சோழவரம். இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் அங்கே ஒரு விமான ஓடுதளம் போட்டார்கள். போர் முடிந்ததும் விமானம் வருவது நின்றது. கான்கிரீட் மட்டும் கிடந்தது. 1953ல் மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப் உருவானது. அந்த ஓடுதளம் ரேஸ் மைதானமானது. எண்பதுகளின் கடைசி வரைக்கும் இந்திய மோட்டார் பந்தயம் என்றாலே சோழவரம்தான். கூட்டம் கூட்டமாக ஜனம் போய் வெயிலில் நின்று பார்த்த காலம் அது. அறுபதைத் தாண்டிய சென்னைக்காரர் யாரிடமாவது பேச்சுக் கொடுத்துப் பாருங்கள், நிறுத்த மாட்டார்.

சோழவரம் பற்றி இரண்டு விஷயம் கவனிக்க வேண்டும்.

ஒன்று, அது விமானத்துக்காகப் போட்டது. விமானத்துக்கு வேண்டியது நேர்கோடு. பைக் ரேஸில் நேரம் மிச்சமாவது வளைவில். எங்கே பிரேக்கை விடுவது, எவ்வளவு சாய்வது, எந்தப் புள்ளியில் ஆக்ஸிலரேட்டரைத் திறப்பது என்பதில்தான் ஒரு நொடியில் பத்தில் ஒரு பங்கு ஜெயிப்பதும் தோற்பதும் இருக்கிறது. ஓடுதளத்தில் இதைப் பழக வாய்ப்பு குறைவு என்பது என் ஊகம்.

இரண்டாவது, அங்கே ஓட்டியவர்கள் யார் என்பது. கார் பக்கம் பெரும்பாலும் வசதியான குடும்பங்கள். தாத்தா, அப்பா, பேரன் என்று மூன்று தலைமுறையாக வந்தவர்கள் உண்டு. இந்து சந்தோக், விக்கி சந்தோக், ஃபார்முலா 1 வரைக்கும் போன கருண் சந்தோக் அதற்கு நல்ல உதாரணம். பைக் பக்கம் கொஞ்சம் வேறு. மெக்கானிக் ஷெட்டில் வேலை பார்த்தவனும், கடனுக்கு வண்டி வாங்கியவனும் உள்ளே வர முடிந்தது. என்ஃபீல்டில் அப்ரென்டிஸ் மெக்கானிக்காகக் கொஞ்ச நாள் இருந்து, பைக் ரேஸில் இறங்கி, பிறகு சினிமாவுக்குப் போன அஜித் குமாரின் கதை எல்லோருக்கும் தெரியும். ஆனால் இவர்கள் எல்லோருமே சாலையில் வண்டி பழகி, வளர்ந்த பிறகு ரேஸுக்கு வந்தவர்கள். சின்னப் பிள்ளைகளுக்கு என்று அங்கே எதுவுமில்லை.

கம்பெனிகள் கட்டிய நடுப்படி

எண்பதுகளில் காட்சி மாறியது. 1984, 85ஐ ஒட்டி ஜப்பான் கூட்டணியில் 100 சிசி வண்டிகள் வரிசையாக இறங்கின: இண்ட்-சுசுகி, ஹீரோ ஹோண்டா, யமஹா ஆர்எக்ஸ் 100, கவாசாகி பஜாஜ். வண்டி விற்க ரேஸ் ஒரு நல்ல விளம்பரம். ஞாயிற்றுக்கிழமை ஜெயித்தால் திங்கட்கிழமை ஷோரூமில் கூட்டம்.

இதில் நம்ம மதுரைக்கும் ஒரு பங்கு உண்டு. சுந்தரம் ஐயங்கார் மதுரையில் வேரூன்றி வளர்த்த டி.வி.எஸ். குழுமம், 1980ல் ஓசூரிலிருந்து டி.வி.எஸ். 50 மொபெட்டை இறக்கியது. காய்கறி மூட்டை ஏற்றிக்கொண்டு போவதைப் பார்த்தே பழகிய அந்த வண்டியின் கம்பெனி, 1982லேயே ரேஸ் அணியைத் தொடங்கிவிட்டது. 1994ல் ஒன் மேக் சாம்பியன்ஷிப்பை ஆரம்பித்தார்கள். ஒன் மேக் என்றால் எல்லோருக்கும் ஒரே கம்பெனியின் ஒரே மாடல் வண்டி. வீட்டில் பணம் இருப்பவன் இஞ்சினில் காசைக் கொட்டி ஜெயிக்க முடியாது. இது பெரிய மாற்றம். சொந்த வண்டி இல்லாதவனும், கையில் திறமை இருந்தால் உள்ளே வரலாம்.

டிராக்கும் வந்தது. 1990ல் ஸ்ரீபெரும்புதூர் அருகே இருங்காட்டுக்கோட்டையில் கிளப் தன் சொந்த ரேஸ் டிராக்கைத் திறந்தது. 3.7 கிலோமீட்டர், 12 வளைவுகள். இப்போது அதன் பெயர் மெட்ராஸ் இன்டர்நேஷனல் சர்க்யூட். கோயம்புத்தூரில் செட்டிபாளையத்தில் இரண்டு கிலோமீட்டருக்குச் சற்று அதிகமான கரி மோட்டார் ஸ்பீட்வே வந்தது. 1995ல் விமான விபத்தில் இறந்த கரிவரதன் நினைவாக வைத்த பெயர் அது.

ஆக, தொண்ணூறுகளில் நம்மிடம் டிராக் இருந்தது, கம்பெனி அணிகள் இருந்தன, தேசியச் சாம்பியன்ஷிப் இருந்தது. ரஜினி கிருஷ்ணன், ஜெகன் குமார் போன்ற சென்னைப் பையன்கள் பலமுறை தேசியச் சாம்பியன் ஆனது இந்தப் படியில் நின்றுதான். ரஜினி பிறகு தானே ஒரு பயிற்சிப் பள்ளியும் தொடங்கினார்.

ஆனால் இந்தப் படியில் இவர்கள் ஓட்டியது என்ன? நாம் ஆபீஸ் போகும் வண்டியின் ரேஸ் வடிவம். இன்றைக்கும் தேசியப் போட்டியின் பிரிவுகளைப் பாருங்கள்: 165 சிசி நோவிஸ், 165 சிசி புரோ ஸ்டாக், 301 முதல் 400 சிசி வரை புரோ ஸ்டாக். கம்பெனி என்ன விற்கிறதோ அதுதான் ரேஸில் ஓடும். அதில் தப்பு ஒன்றும் இல்லை. ஆனால் அந்தப் படியிலிருந்து அடுத்த படி எவ்வளவு உயரத்தில் இருக்கிறது என்று 2011ல்தான் தெரிந்தது.

2011: ஒரு பெரிய தாவல்

அந்த வருஷம் சென்னையைச் சேர்ந்த டென்10 ரேஸிங், ஓர் இத்தாலிய அணியுடன் சேர்ந்து 125 சிசி உலகச் சாம்பியன்ஷிப்பில் இறங்கியது. ரைடர், தமிழ்நாட்டுப் பையன் சரத் குமார். வண்டி ஏப்ரிலியா.

அந்த 125ஐ நம் ஊர் 125ஆக நினைக்கக் கூடாது. அது ரேஸுக்கென்றே பிறந்த டூ ஸ்ட்ரோக். வண்டியும் ஆளும் சேர்ந்து குறைந்தபட்ச எடை 136 கிலோ. ஐம்பதைத் தொடும் குதிரைத்திறன். கொஞ்சம் வேகம் குறைந்தால் இஞ்சின் இழுக்கவே இழுக்காது. வளைவில் வேகத்தை விடாமல் சுமந்துகொண்டு போக வேண்டும். இது சின்ன வயதிலிருந்து உடம்பில் ஊறினால்தான் வரும்.

அதே வருஷம் அதே கிரிட்டில் நின்றவர்களைப் பாருங்கள். மாவெரிக் வின்யாலெஸ், வயது 16. யோஹான் ஜார்கோ, 2007ல் நடந்த முதல் ரூக்கீஸ் கப்பின் சாம்பியன். இருவருமே பிறகு மோட்டோஜிபியில் ரேஸ் ஜெயித்தவர்கள். அவர்கள் ஒவ்வொரு படியாக ஏறி வந்து அங்கே நின்றார்கள். நம் பையன் நாலு படியைத் தாண்டிக் குதித்து அங்கே நின்றார். பந்தயத்துக்குத் தகுதி பெறவே முன்னணி நேரத்தில் 107 சதவீதத்துக்குள் வர வேண்டும் என்ற விதி வேறு. வருஷக் கடைசி வரை அந்த இடத்தில் அவர் இல்லை. பிறகு ஆசியச் சாம்பியன்ஷிப்பில் ஓட்டினார்.

இதைத் தோல்வி என்று எழுத எனக்கு மனசு வரவில்லை. நோட்ஸ் கொடுக்காமல், வகுப்பே நடத்தாமல் ஒருவனை நேராகப் பரீட்சை ஹாலில் உட்கார வைத்துவிட்டு, மார்க்கைப் பற்றிப் பேசுவது நியாயமா?

தாய்லாந்து எப்படி ஏறியது?

"நம்ம ஆளுங்க உடம்புக்கு இதெல்லாம் ஒத்துவராது சார்" என்று ஆபீஸில் ஒருவர் சொன்னார். அவருக்குப் பதில், சோம்கியாத் சந்த்ரா. தாய்லாந்துக்காரர், 1998ல் பிறந்தவர். 2014ல் தொடங்கிய ஏஷியா டேலன்ட் கப்பில் 2016ல் சாம்பியன். அங்கிருந்து ஐரோப்பாவுக்கு அனுப்பப்பட்டார். 2019ல் மோட்டோ2. 2022 மார்ச்சில் இந்தோனேசியாவின் மண்டலிகாவில் ஜெயித்தார்; உலகச் சாம்பியன்ஷிப் ரேஸ் ஒன்றை ஒரு தாய்லாந்துக்காரர் ஜெயித்தது அதுதான் முதல்முறை. 2025ல் மோட்டோஜிபி. அதே அணியில் அவருடைய சகா யார் தெரியுமா? மேலே சொன்ன ஜார்கோ.

தாய்லாந்தில் நம்மைவிடப் பணக்காரர்கள் அதிகம் என்பதில்லை. ஒரு படிக்கும் அடுத்த படிக்கும் இடையில் எட்டும் தூரம்தான் இருந்தது. இதைப் பார்த்துத்தான் ஹோண்டா இங்கேயும் இந்தியா டேலன்ட் கப் நடத்துகிறது. சென்னைப் பையன் ராஜீவ் சேது போன்றவர்கள் ஆசியச் சாம்பியன்ஷிப்பின் 250 சிசி பிரிவில் ஓட்டினார்கள். டி.வி.எஸ்.சும் 2022லிருந்து ஆசிய அளவில் ஒன் மேக் போட்டி நடத்துகிறது. நடுப்படிகள் கொஞ்சம் நெருங்கி வருகின்றன.

கீழ்ப்படி வந்தது, ஆனால்...

கடைசியாக வந்ததுதான் முதல் படி. 2021ல் எஃப்.ஐ.எம். என்கிற உலக பைக் சம்மேளனம், 10 முதல் 14 வயதுப் பிள்ளைகளுக்கு மினிஜிபி தொடரைத் தொடங்கியது. கார்ட் டிராக்கில் ஓடும் 160 சிசி குட்டி ரேஸ் பைக். எல்லா நாட்டிலும் ஒரே கம்பெனி வண்டி. 2022ல் அது இந்தியாவுக்கும் வந்தது. அந்த வருஷம் ஜெயித்து, ஸ்பெயினின் வலென்சியாவில் நடந்த உலக இறுதிப் போட்டிக்குப் போய் முன்வரிசைப் பிள்ளைகளோடு மோதியவன், பெங்களூரு சிறுவன் ஷ்ரேயஸ் ஹரீஷ்.

சரத் குமாருக்குக் கிடைக்காத படி இவனுக்குக் கிடைத்தது. உலக ஏணியில் சரியான வயதில், சரியான இடத்தில் நின்ற முதல் இந்தியப் பிள்ளைகளில் ஒருவன் என்று சொல்லலாம்.

2023 ஆகஸ்ட் 5, சனிக்கிழமை. இருங்காட்டுக்கோட்டையில் தேசியச் சாம்பியன்ஷிப்பின் ரூக்கி ரேஸ். அன்று காலை தகுதிச் சுற்றில் முதலிடம் பிடித்தவன் அவன்தான். ரேஸ் தொடங்கிய சற்று நேரத்தில் கீழே விழுந்தான். தலையில் அடி. ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோயும் காப்பாற்ற முடியவில்லை. வயது 13.

இந்தப் பத்தியை எழுதிவிட்டு ரெண்டு நாள் கட்டுரையைத் தொடவில்லை. அக்கா மகனுக்கு அவனைவிட ஒரு வயதுதான் கூட.

இதற்கு இதுதான் காரணம் என்று தீர்ப்புச் சொல்ல நான் ஆளில்லை. முழு ஏணி இருக்கும் ஐரோப்பாவிலும் பிள்ளைகள் இறந்திருக்கிறார்கள். 2021ல் மட்டும் மூன்று பேர்: மே மாதம் முஜெல்லோவில் ஜேசன் டுபாஸ்கியே, 19, ஜூலையில் அரகோனில் ஹியூகோ மில்யான், 14, செப்டம்பரில் ஹெரேஸில் டீன் பெர்ட்டா வின்யாலெஸ், 15. அதற்குப் பிறகுதான் உலகச் சாம்பியன்ஷிப்பில் ஓட்டக் குறைந்தபட்ச வயதை, சில விதிவிலக்குகளோடு, 2023லிருந்து 18 ஆக்கினார்கள். கீழ்ப்படிகளுக்கும் வயதைக் கூட்டினார்கள். சுருக்கமாகச் சொன்னால், அவசரப்பட்டு ஏறாதே என்றார்கள்.

ஒரு இஞ்சினியராக எனக்குத் தோன்றுவது இது. கார்ட் டிராக்கில் குட்டி வண்டி ஓட்டும் பையனுக்கும், 3.7 கிலோமீட்டர் டிராக்கில் பெரியவர்களுக்காகச் செய்த வண்டியை ஓட்டும் பையனுக்கும் நடுவில் இன்னும் ஒரு படி வேண்டும். வேகத்தில் ஒரு படி, வண்டியின் எடையில் ஒரு படி, கூட ஓட்டும் ஆட்களின் எண்ணிக்கையில் ஒரு படி. அந்த இடம் நம்மிடம் இன்னும் காலியாகத்தான் கிடக்கிறது.

அதே வருஷம் செப்டம்பரில், நொய்டா பக்கத்தில் உள்ள புத் சர்க்யூட்டில் மோட்டோஜிபி பாரத் நடந்தது. மார்கோ பெசெக்கி ஜெயித்தார். மோட்டோ3ல் சென்னையின் கே.ஒய். அகமதுவுக்கு வைல்டு கார்டு கிடைத்தது. ஏணியின் உச்சியே நம் ஊருக்கு வந்தது போல எல்லோரும் கொண்டாடினோம். அடுத்த வருஷம் அந்தப் போட்டி நடக்கவில்லை. உச்சியை மூன்று நாளைக்கு விலைக்கு வாங்கி வரலாம். கீழ்ப்படியை அப்படி வாங்க முடியாது. உள்ளூரில்தான் கட்ட வேண்டும்.

பையனிடம் நான் சொன்னது

போன வாரம் அவனை உட்கார வைத்துப் பேசினேன். சிரிக்கவில்லை.

முதலில் சட்டம். கியர் வண்டிக்கு லைசென்ஸ் 18 வயதில்தான். அதற்கு முன் சாலையில் ஓட்டி மாட்டினால், 2019ல் சேர்த்த 199ஏ பிரிவின்படி வண்டியின் சொந்தக்காரருக்கோ பெற்றோருக்கோ மூன்று வருஷம் வரை ஜெயில், 25,000 ரூபாய் அபராதம். பையனுக்கு 25 வயது வரை லைசென்ஸ் கிடையாது. "அப்பா ஜெயிலுக்குப் போவாரா மாமா?" என்றான். "போகலாம்" என்றேன். கொஞ்ச நேரம் பேசவில்லை.

அடுத்தது கணக்கு. "மினிஜிபி வயசு 14ஓட முடியுது. உனக்கு இப்ப 14. ஸ்பெயின் பையன் பத்து வருஷம் முன்னாடி கிளம்பிட்டான். மோட்டோஜிபி உனக்குக் கிடைக்கும்னு சொன்னா நான் பொய் சொல்றேன்னு அர்த்தம்." அவன் கண் கலங்கியது. ஆனால் இதைச் சொல்லாமல் விட்டால் அவன் ரிங் ரோட்டில் போய்ப் பயிற்சி எடுப்பான்.

"ஆனா தேசியச் சாம்பியன்ஷிப் வேற கணக்கு. ஜெகன் குமார் மாதிரி ஆளுங்க ஏறுன படி அது. நோவிஸ் பிரிவு இருக்கு. சாலை லைசென்ஸ் வேற, ரேஸுக்குன்னு சம்மேளனம் கொடுக்கற லைசென்ஸ் வேற. முறையான பயிற்சிப் பள்ளி இருக்கு. அங்க லெதர் சூட், நல்ல ஹெல்மெட், மார்ஷல், ஆம்புலன்ஸ் எல்லாம் நிக்கும். ரிங் ரோட்டுல என்ன நிக்கும்? லாரிதான் நிக்கும்."

"அது மதுரைல இருக்கா மாமா?"

இந்தக் கேள்விதான். இல்லை. பக்கத்தில் என்றால் செட்டிபாளையம், இருநூறு கிலோமீட்டருக்கு மேல். இருங்காட்டுக்கோட்டை அதைப் போல இரண்டு மடங்கு. மதுரையிலும் சுற்று வட்டாரத்திலும் எத்தனை ஆயிரம் பையன்களுக்கு இந்த ஆசை இருக்கும்? வேகம் பழக அவர்களுக்குக் கிடைக்கும் இடம் சாலை மட்டும்தான். ஆஸ்திரேலியா, ஸ்பெயின் அளவுக்கெல்லாம் போக வேண்டாம். ஒரு கிலோமீட்டர் நீளத்தில் ஒரு கார்ட் டிராக், பத்துக் குட்டி பைக், நாலு பயிற்சியாளர். ஜல்லிக்கட்டுக்கு அலங்காநல்லூர் பக்கம் கீழக்கரையில் பெரிய அரங்கமே கட்டிய மாவட்டம் இது. அந்தச் செலவில் ஒரு சின்னப் பங்கு போதும்.

அதுவரைக்கும் நானும் பையனும் ஓர் ஒப்பந்தம் போட்டிருக்கிறோம். 18 வரை சாலையில் வண்டி தொடக் கூடாது. தினமும் காலையில் வண்டியூர் கண்மாய்ப் பக்கம் ஓட்டம், சைக்கிள். பரீட்சை முடிந்ததும் செட்டிபாளையத்துக்கு ரேஸ் பார்க்கக் கூட்டிப்போவேன். அக்கா இன்னும் முழுசாகச் சம்மதிக்கவில்லை. "பார்க்கத்தானே போறீங்க?" என்று மூன்று தடவை கேட்டுவிட்டாள்.

பார்க்கத்தான், அக்கா. இப்போதைக்கு.